மூன்றாவது துண்டு

சாரதாமணிக்கு முப்பத்திரண்டு வயது. அவளிடம் தொழில் கற்ற சென்னியப்பனுக்கு நாற்பத்தெட்டு. தறி ஓடாமல் போனதும் நாற்பது வயதில் பனியன் கம்பெனிக்குள் நுழைந்து, தங்கச்சி வயதுக்காரியிடம் ஓவர்லாக் மிஷின் பழகிக்கொண்டவர் அவர். திருப்பூரில் இதெல்லாம் சகஜம். அவர் அவளை "மாஸ்டர்" என்பார். அவள் அவரை "அண்ணா" என்பாள்.

அந்த வாரம் சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. காரணம், எத்தியோப்பியா.

கம்பெனி அங்கே புது யூனிட் திறக்கிறது. அந்த ஊர்க்காரர்களுக்குத் தைக்கக் கற்றுக்கொடுக்க ஒரு ஆள் போக வேண்டும், ஆறு மாதம். யார் போவது என்று எழுதிக் கொடுக்க வேண்டியவள் சாரதாமணி. அவள் தீபக்கின் பெயரை எழுதப் போகிறாள் என்று கேண்டீன் வரைக்கும் பேச்சு.

தீபக் ஒடிசாக்காரன். இருபத்தாறு வயது. வந்து மூன்று வருடம்தான். வந்தபோது தமிழில் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. இப்போது மிஷின் மக்கர் பண்ணினால் தீபக், ஃபேன் சுற்றாவிட்டால் தீபக். சென்னியப்பனுக்கு அவன் சிரிப்பது பிடிக்கவில்லை. அவன் டீ குடிக்கிற சத்தம்கூடப் பிடிக்கவில்லை. பொறாமைதான், வேறென்ன. அது அவருக்கே தெரியும். தெரிந்தால் மட்டும் போய்விடுமா?

டீ நேரத்தில் கேட்டே விட்டார்.

"மாஸ்டர், எட்டு வருசமா உங்ககிட்ட இருக்கறனுங்க. என் தையல்ல ஏதாச்சும் கொறை இருக்குதுங்களா?"

"தையல்ல ஒரு கொறையுமில்லீங்ணா."

"அப்பறம் எனக்கு என்னங்க கொறச்சல்?"

சாரதாமணி டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். "சொல்றனுங்ணா," என்றாள். சொல்லவில்லை.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு தீபக்கின் மிஷினில் ஊசி உடைந்தது.

குழந்தைகள் உடுப்பு தைக்கிற இடம் அது. அங்கே ஊசி உடைந்தால் லேசில் விட மாட்டார்கள். எல்லாத் துண்டுகளையும் பொறுக்கி, ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்து, ஊசி நோட்டில் டேப் போட்டு ஒட்டின பிறகுதான் புது ஊசி. ஒரு துண்டு குறைந்தாலும் தைத்த ஆளின் பெயர் சிவப்பு மையில் ஏறும். ஏறிவிட்டால் வெளிநாட்டை மறந்துவிடலாம்.

மூன்று துண்டு. இரண்டு கிடைத்தது. மூன்றாவது, அந்தக் கூர்முனை, தெறித்துப் போய்ப் பின்னால் உட்கார்ந்திருந்த சென்னியப்பனின் மடியில் விழுந்தது.

அவர் யோசித்துச் செய்தார் என்று சொல்ல முடியாது. கை அதை எடுத்தது, டேப்பில் வைத்து மடித்தது, சட்டைப் பையில் போட்டது. அப்புறம் நெஞ்சு குளிர்ந்தது பாருங்கள், அதுதான் வெட்கக்கேடு.

லைன் நின்றது. நாற்பது பேரும் தேடினார்கள். தீபக் மிஷினுக்கு அடியில் குப்புறப் படுத்துக்கொண்டு தேடினான். லைன் முழுக்கத் தெரிகிற கண்ணாடி அறையிலிருந்து சாரதாமணி எழுந்து வந்தாள். கிடைத்த இரண்டு துண்டுகளையும் நோட்டில் ஒட்டி, கீழே கொஞ்சம் இடம் விட்டாள். தைத்த துணிகளை எல்லாம் மெட்டல் டிடெக்டரில் ஓட்டினாள். அது சத்தமே போடவில்லை.

"துணியில இல்லை," என்று மற்றவர்களை வேறு லைனுக்கு அனுப்பினாள். "சென்னியண்ணா, நீங்க மட்டும் ஒருக்காக் கையால பாத்துருங்க. முந்நூறு பீஸு."

"மிஷினே இல்லைன்னு சொல்லிருச்சுங்களே மாஸ்டர்."

"பாத்துருங்ணா."

பார்த்தார். ஒவ்வொரு கவுனாகப் புரட்டி, தையலை விரலால் நீவி, தன் சட்டைப் பையில் இருப்பதைத் தேடினார். முதல் ஐம்பது நடிப்பு. அதற்கப்புறம் நடிக்கவும் வரவில்லை. குனியும்போதெல்லாம் அந்தத் துணுக்கு எங்கே குத்திவிடுமோ என்று பயமாக இருந்தது.

மதியம் தீபக் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கட்டுக் கவுனை எடுத்துக்கொண்டான்.

"அண்ணா, நீங்க சாப்பிட போங்க. என் ஊசிக்கு நீங்க ஏன் கஷ்டப்படணும்."

"பரவால்ல."

"ஊர்ல அம்மாகிட்ட சொல்லிட்டேன் அண்ணா. பிளைட்ல போறேன்னு."

பெயரே இன்னும் எழுதவில்லை, அதற்குள் அம்மாவிடம் சொல்லியாகிவிட்டதா! சென்னியப்பனுக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. கையை மேலே கொண்டுபோய்ச் சட்டைப் பையைப் பொத்திக்கொண்டார்.

தீபக் தையலை அழுத்தி அழுத்திப் பார்த்தான்.

"மெதுவாடா, முனை இருந்தா கையில ஏறிரும்."

"ஏறட்டும் அண்ணா. பாப்பாவுக்கு ஏறக் கூடாது."

சென்னியப்பன் கையிலிருந்த கவுனை மடித்து வைத்தார். எழுந்து கண்ணாடி அறைக்குப் போனார். மடித்த டேப்பை மேஜைமேல் வைத்தார்.

சாரதாமணி ஊசி நோட்டை எடுத்தாள். டேப்பைப் பிரித்தாள், முனையை எடுத்து மற்ற இரண்டோடும் பொருத்தினாள். சரியாகச் சேர்ந்தது. ஒட்டிவிட்டு நோட்டை அவர் பக்கம் திருப்பினாள்.

"'கிடைத்த இடம்'னு ஒரு கட்டம் இருக்குதுங்ணா. நீங்களே எழுதிருங்க."

'தரை' என்று எழுதினால் முடிந்தது. இரண்டே எழுத்து. யாரும் கேட்கப் போவதில்லை. பேனாவை எடுத்தார். வேலையே போனாலும் போகலாம். வீட்டில் என்ன சொல்வது?

'சென்னியப்பன் சட்டைப் பை' என்று எழுதினார்.

சாரதாமணி தீபக்கைக் கூப்பிட்டுப் புது ஊசி கொடுத்தாள். அவன் ஓடினான். மிஷின் சத்தம் கேட்டது.

"மாஸ்டர்."

"சொல்லுங்ணா."

"எனக்கு என்ன கொறச்சல்னு கேட்டனுங்க. நீங்க இன்னும் சொல்லலீங்க."

அவள் நோட்டை மூடினாள்.

"ஊசி ஒடைஞ்சப்ப நாப்பது பேரும் தரையப் பாத்தாங்க. நீங்க மட்டும் தீபக் மூஞ்சியப் பாத்துட்டு இருந்தீங்க. இன்னிக்கு மட்டுமில்லீங்ணா. மூணு வருசமா அங்கதான் பாக்கறீங்க."