பிடிக்கல

ஏற்காட்டு மலையடிவாரத்தில், முதல் கொண்டை ஊசி வளைவுக்குக் கீழே ஒரு சாமியார் இருந்தார். காவி கிடையாது, தாடி கிடையாது. இருபது வருஷம் அந்த மலையில் லாரி ஓட்டியவர். ஒரு நாள் சாவியை லாரிச் சொந்தக்காரரிடமே கொடுத்துவிட்டு, சாலையோரக் கோயிலின் பின்னறையில் வந்து உட்கார்ந்துவிட்டார். கேள்வி கேட்டு வருகிறவர்களை விரட்டமாட்டார். அவருடைய சாமியார்த்தனம் அவ்வளவுதான்.

சேலத்தில் நூல் வியாபாரம் பார்க்கும் கிருபாகரன் அவரைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் ஆறு வருஷமாகச் சீடர். சீடர் என்று தானே சொல்லிக்கொள்வார். சாமியார் அவரை "முதலாளி" என்றுதான் கூப்பிடுவார்.

அன்று காலை கிருபாகரன் ஒரு கால் செருப்போடு உள்ளே வந்துவிட்டார்.

"சாமி, ஒரே கேள்வி. காரை ரிப்பேர் பண்ணவா, வித்துடவா?"

எந்தக் கார் என்று சாமியார் கேட்கவில்லை. அடிவாரத்தில் அது எல்லோருக்கும் தெரியும். இரண்டே பேர் உட்காரக்கூடிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். வயது அறுபது. பதினோரு வருஷமாகக் கிருபாகரன் அதைத் துடைத்த துடைப்புக்குக் கல்லாயிருந்தால் தேய்ந்திருக்கும். ஒன்பது நாளைக்கு முன்னால் மூன்றாவது வளைவின் தடுப்புச் சுவரில் மோதி, மூக்கு நசுங்கி, கோயிலுக்கு எதிரே காசீம் பாயின் டிங்கரிங் ஷெட்டில் கிடக்கிறது. ஓட்டியது அவருடைய மனைவி வேதவல்லி.

"காசீம் பாய் என்ன சொல்றாரு?"

"பண்ணிடலாம்ங்கறான். வேற என்ன சொல்வான்? அவனுக்கு ஆறு மாசத்துக்கு வேலை."

"கார் புரோக்கர்?"

"இருக்கிறபடியே குடுங்க, தூக்கிட்டுப் போயிடறேன்ங்கறான். எதுக்கு இந்த அவசரம்? எனக்குத் தெரியாதது என்னமோ அவனுக்குத் தெரிஞ்சிருக்கு."

"ம்."

"உங்களுக்குத்தான் இதுல ஒண்ணும் கிடையாது. அதான் உங்ககிட்ட வந்தேன்."

சொல்லிக்கொண்டே அறையை ஒரு சுற்றுப் பார்த்தார். மூலையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"இது யார் குடுத்தது சாமி?"

"காசீம் பாய்."

கிருபாகரனின் முகம் சுருங்கியது. சாமியார் ஒரு பழத்தை உரித்தார்.

"புரோக்கர் குடுத்திருந்தாலும் தின்னிருப்பேன். வாங்க, வண்டியைப் பார்ப்போம்."

ஷெட்டில் காசீம் பாய் எழுந்து நின்றார்.

"வாங்க சாமி. உங்க சிஷ்யர் வந்து புள்ளி எண்ணினதுக்கு அப்புறம்தான் எனக்கு டீயே இறங்குது."

"என்ன புள்ளி?"

"நட்டுக்கு நட்டு நெயில் பாலிஷ் வெச்சிருக்காரு. நான் கழட்டி மாத்திட்டா கண்டுபிடிக்கணுமாம்."

"யாரோட நெயில் பாலிஷ்?"

"என் சம்சாரத்தோடது," என்றார் கிருபாகரன். குனிந்து எண்ணத் தொடங்கியிருந்தார். எண்ணி முடித்ததும் அர்ச்சனை சொல்வதுபோல் சொன்னார்: "இடது விளக்கு போச்சு சாமி. வலது மட்கார்டுல ரெண்டு விரல் ஆழத்துக்கு ஒடுக்கு. ரேடியேட்டர்ல மூணு ஓட்டை. கண்ணாடி மேல் மூலையில மயிரிழை மாதிரி விரிசல், வெயில் சாஞ்சாத்தான் தெரியும்."

"பிரேக்?"

காசீம் பாய் முந்திக்கொண்டார். "தினம் கேக்கறேன் சாமி, பிரேக்கைத் திறக்கட்டுமான்னு. இரு, இருங்கறாரு. அதைப் பார்க்காம நான் எப்படி வேலையை ஆரம்பிக்கறது?"

கிருபாகரன் சாமியாரைக் கையைப் பிடித்து வேப்பமரத்துப் பக்கம் கூட்டிப் போனார். குரலைத் தாழ்த்தினார்.

"அன்னைக்கு நான் வந்து சேர்ந்தப்போ அவளை ஆம்புலன்ஸ்ல ஏத்திக்கிட்டிருந்தாங்க. என்னைப் பார்த்தா. ஒரே வார்த்தைதான் சொன்னா. 'பிடிக்கல.'"

"எது?"

"அதான் சாமி! பிரேக் பிடிக்கலைன்னாளா? நான் பிரேக்கைப் பிடிக்கலைன்னாளா? இல்ல..."

"இல்ல?"

"பொதுவாவே பிடிக்கலைன்னாளா?"

சாலையில் ஒரு பஸ் முக்கிக்கொண்டு ஏறிப் போனது.

"இந்த வண்டியை அவ சக்களத்தின்னுதான் சொல்வா. சக்களத்திக்குக் குளிப்பாட்டியாச்சா, சக்களத்திக்குத் திருஷ்டி கழிச்சாச்சா... சிரிச்சுக்கிட்டேதான் சொல்வா. பதினோரு வருஷத்துல சாவியைத் தொட்டவ இல்ல. அன்னைக்கு நான் கண்ணசந்த நேரத்துல எடுத்துட்டுப் போயிருக்கா. சும்மாவா போயிருப்பா?"

"ஆம்புலன்ஸ்ல கூடப் போயிருப்பீங்களே, கேட்கலியா?"

"போகல சாமி. வண்டிகிட்ட நின்னுட்டேன். சுத்தி அவ்வளவு கூட்டம். ஆளுக்கு ஒண்ணைக் கழட்டிட்டுப் போயிட்டா?"

"அப்புறமாவது கேட்டீங்களா?"

"கேட்டா நிஜத்தைச் சொல்வாளா? பிரேக் பொய் சொல்லாது."

"அப்ப திறக்கச் சொல்லுங்க."

கிருபாகரன் வேப்பம்பட்டையை நகத்தால் பெயர்த்தார். சாமியார் ஷெட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"பாய், இந்த வண்டிக்குப் பிரேக் வேலை யார் பாக்கறது?"

"என்னைத் தொட விட்டதே இல்ல சாமி. பிரேக் மட்டும் அவர் கையாலதான்."

"போன மாசம்கூட நானேதான்..." என்று ஆரம்பித்த கிருபாகரன் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"பிரேக் கெட்டிருந்தா?"

"என் தப்பு."

"நல்லா இருந்தா?"

"அவ தப்பு."

"வித்துட்டா?"

"ரெண்டும் தெரியாது."

"உங்களுக்கு எது வரணும்னு இருக்கு?"

"பிரேக் நல்லா இருக்கணும்னுதான் சாமி, ஒன்பது நாளா வேண்டிக்கிட்டிருக்கேன்."

சொன்னது அவர் காதிலேயே விழுந்தது. சட்டென்று ஷெட்டைப் பார்த்தார், வேறு யாரோ பேசியதுபோல.

காசீம் பாய் ஸ்பானரோடு சக்கரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். "என்ன முதலாளி, திறக்கட்டுமா? இல்ல, புரோக்கர் ஆளை வரச் சொல்லட்டுமா? வெயில் ஏறுது."

"சொல்லுங்க சாமி," என்றார் கிருபாகரன். "நீங்க சொல்றபடி செய்யறேன். ரிப்பேரா, விக்கறதா?"

சாமியார் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தார்.

"வீட்டம்மா இப்ப எங்க?"

"ஆத்தூர்ல, அவ அக்கா வீட்ல. ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா அங்க போயிட்டா. ஏன் நம்ம வீட்டுக்கு வரல? அதுவே எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"அடி எங்க?"

"கையில சாமி. எலும்பு விட்டுப்போச்சு. மாவுக்கட்டு."

"எந்தக் கை?"

கிருபாகரன் தன் வலது கையைக் கொஞ்சம் தூக்கினார். இறக்கினார். இடது கையைத் தூக்கினார்.