குருவையா வால்வு தேய்த்த கதை

இன்னாசி மெக்கானிக்குக்கு ஒரு பிடிவாதம் உண்டு. வேறு ஆள் கழற்றிப் போட்ட எஞ்சினைத் தொடமாட்டார். "ஒருத்தன் பாதி சவரம் பண்ணின மூஞ்சியில இன்னொருத்தன் கத்தி வைக்கப்படாது" என்பார்.

அது தெரிந்தும், தீப்பெட்டி ஆபீஸ் மேஸ்திரி குருவையா ஒரு புதன்கிழமை காலையில் உரச்சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு இன்னாசி கடைக்கு வந்து நின்றார். அவருக்கு வேறு வழியில்லை. மாமனார் விட்டுப்போன மோட்டார்சைக்கிள் பத்தொன்பது வருஷமாகக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. மும்பையிலிருக்கும் மச்சான் ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணி, "ஓடாத வண்டி உங்களுக்கு எதுக்கு மாப்பிள்ளை? சனிக்கிழமை வரும்போது நான் ஏத்திட்டுப் போயிருதேன்" என்றார். குருவையாவுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "அதே வண்டியில கோவில்பட்டி ஸ்டேஷனுக்கு வந்து உங்களைக் கூட்டிட்டுப் போறேன், பாருங்க" என்று சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் வண்டியைப் போய்ப் பார்த்தார்.

"சாக்குல என்ன அண்ணாச்சி?" என்றார் இன்னாசி.

"எஞ்சின் ஹெட்டு, வால்வோட சேர்த்து."

"கழட்டுனது யாரு?"

'நான்தான்' என்றால் கதை முடிந்தது. இப்படி இக்கட்டு வந்தால் குருவையாவுக்கு வாய் தன்னால் ஓடும்.

"இன்னாசி, இந்த ஜில்லாவுல என்னைவிடப் பெரிய மடையன் ஒருத்தன் இருந்தா கொண்டாந்து நிறுத்து, மாலை போடுதேன்."

மொபெட்டுக்குச் சங்கிலி மாற்றக் காத்திருந்த உளுந்து வியாபாரி வேலாண்டி, "அதைத்தான நாங்களும் சொல்லுதோம்" என்று பழைய டயர்மேல் வசதியாக உட்கார்ந்தார்.

"மொத நாள் கிக்கரை மிதிச்சேன், அசையலை. ஏறி நின்னேன், அசையலை. அதுமேலயே உட்கார்ந்து மத்தியானச் சாப்பாட்டை முடிச்சேன். கடைசி வாய் மோர்ச்சோறு உள்ளே போனதும் என் கனம் ஒரு பிடி கூடிருச்சு போல. சடார்னு இறங்கித் திருப்பி அடிச்சது பாரு! வேப்பமரத்தைத் தாண்டி, தண்ணித் தொட்டியைத் தாண்டி, ஒரு கல்யாணப் பந்தியில போய் உட்கார்ந்தேன். முன்னால இலையைப் போட்டுட்டாங்க. மரியாதைக்குச் சாப்பிட்டேன்."

"ரெண்டாஞ் சாப்பாடா?"

"மடையனுக்குப் பசி ஜாஸ்தி."

இன்னாசி சிரிக்கவில்லை. ஆனால் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். குருவையாவுக்கு அது போதும்.

"வால்வு துருவேறி ஒட்டிக் கிடக்கு. காளையைக் கட்டி இழுத்தேன். காளை முன்னால போயிருச்சு, கொம்பு ரெண்டும் கயித்துல நின்னுக்கிடுச்சு. அது வெட்கத்துல இன்னும் தொழுவை விட்டு வெளிய வரலை. பிறகு நாலு சொட்டு எண்ணெய் விட்டேன், வந்துருச்சு. எண்ணெய் விடணும்னு மடையனுக்குக் கடைசியிலதான தோணும்?"

வேலாண்டி தலையில் அடித்துக்கொண்டார்.

"வால்வு சரியா உட்காருதான்னு பார்க்கணும்லா? ஹெட்டுல காத்து போற வழியில மண்ணெண்ணெய் ஊத்தினா, நல்ல வால்வுன்னா கசியாம நிக்கும்."

"அது சரி" என்றார் இன்னாசி, முதல் தடவையாக.

"ஒரு லிட்டர் ஊத்தினேன், இறங்கிருச்சு. தெருப்பூரா வாங்கி ஊத்தினேன், எங்க போகுதுன்னே தெரியலை. மறுநாள் என் பெஞ்சாதி பொன்னுத்தாயி கிணத்துல இறைச்சு அடுப்புல வைக்கா. பானை எரியுது, அடுப்பு சும்மா இருக்கு! சரின்னு, கசியாம உட்காரத் தேய்க்கிற பேஸ்டைத் தடவி, வால்வை மோர் கடையிற மாதிரி தேய்ச்சேன். எட்டு நாள்! கைரேகை பூரா அழிஞ்சுபோச்சு. ரேஷன் கடையில விரலை வச்சா, 'இந்த ஆள் இன்னும் பிறக்கலை'ங்குது மிஷினு."

"நில்லும்" என்றார் வேலாண்டி. "மச்சான் பேசினது ஞாயித்துக்கிழமை. ஊருக்கே சொன்னீரு. இன்னைக்குப் புதன். எட்டு நாள் எங்கிருந்துவே வந்துச்சு?"

மாட்டிக்கொண்டோம் என்று குருவையாவுக்குத் தெரிந்தது. ஒரு கணம்தான். நாக்கு அவரைக் காப்பாற்றியது.

"அங்கதான வாரேன்! ரெண்டு வால்வையும் இடம் மாத்தி மாட்டிட்டேன். ஸ்டார்ட் ஆன வண்டி பின்னாலயே ஓடுது. மீட்டர் முள்ளு இறங்குது, டேங்குல பெட்ரோலு ஏறுது. சாத்தூர் போய்ச் சேர்ந்தா அங்க போன வாரம் நடக்குது! எட்டு நாள் அப்படிக் கிடைச்சதுதான். பிரேக் பிடிக்குமுன்ன பொண்ணு பார்க்க வந்த நாளுக்கே போயிட்டேன். மாமனார் வாசல்ல நிக்காரு. 'வால்வு மாட்டத் தெரியாத பயலுக்குப் பொண்ணு கிடையாது'ன்னுட்டாரு. இன்னாசி, நான் நாலு பிள்ளை பெத்தவன்! அதுக கதி என்னாகும்? பயந்துபோயி அங்கயே ஹெட்டைக் கழட்டிட்டேன்."

வேலாண்டி டயரோடு சேர்ந்து உருண்டு சிரித்தார். இன்னாசி சாக்கை அவிழ்த்தார். ஒரு வால்வை எடுத்து வெயிலில் பிடித்து உருட்டிப் பார்த்தார். அதன் தண்டு லேசாக வளைந்திருந்தது.

"கிக்கரை மிதிச்சப்போ 'டக்'னு ஒரு சத்தம் வந்துச்சா?"

குருவையாவின் முகம் விழுந்துவிட்டது. "வந்துச்சு."

"பிறகும் மிதிச்சீங்களா?"

"நாலு தடவை."

"வால்வு ஒட்டியிருக்கான்னு பார்க்காம மிதிச்சா, பிஸ்டன் இடிச்சு வளையத்தான செய்யும்?"

"தெரியலையே இன்னாசி. மச்சான்கிட்ட வாய் விட்டுட்டேன். அவசரத்துல மிதிச்சுட்டேன்." அன்று காலையிலிருந்து அவர் பேசியதில் புளுகு கலக்காத பேச்சு அது ஒன்றுதான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

இன்னாசி ஹெட்டைத் தூக்கித் தன் மேசைமேல் வைத்தார். "வண்டியையும் தள்ளிட்டு வந்து போடுங்க. வெள்ளிக்கிழமை பார்ப்போம்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் குருவையா போனபோது புது வால்வு போட்டு, வால்வைத் தள்ளும் டாப்பெட்டின் இடைவெளியைச் சரிபார்த்து, வண்டி தயாராக நின்றது. மிதித்தார். மூன்றாவது மிதியில் புகையைக் கக்கிக்கொண்டு எஞ்சின் பிடித்துக்கொண்டது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னாசியின் எண்ணெய்க்கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"உன் கைராசியை ஊர் ஊராப் போயிச் சொல்லுதேன் இன்னாசி! வீடு வீடாச் சொல்லுதேன்!"

இன்னாசி கையை மெதுவாக உருவிக்கொண்டார்.

"அது மட்டும் வேண்டாம் அண்ணாச்சி. நீங்க சொன்னீங்கன்னா, எனக்கு ஸ்பானர் பிடிக்கவே தெரியாதுன்னு முடிவு பண்ணிருவாங்க."