குப்பண்ணன் அடைத்த காற்று வழி

அந்த அலுமினிய ஆலையை மூடி எத்தனையோ வருசமாச்சு. இன்னமும் எங்காவது இரும்பு காயும் வாடை வந்தால் எனக்கு ஜமால் பாய் ஞாபகம்தான். உலோகம் காய்ச்சும் தொட்டிகளில் ஓடுகிற கரண்டுக்குப் பக்கத்தில் போனாலே கைக்கடிகாரம் காந்தம் பிடித்து நின்றுவிடும். பசிதான் எங்களுக்கு மணி. ம், அது ஒரு காலம்.

எங்களுக்கெல்லாம் தொழில் சொல்லிக் கொடுத்தவர் பாய். அவரிடம் கற்றுக்கொண்ட குப்பண்ணன் அவரைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் பாய் சொன்னால் மறுபேச்சு கிடையாது.

குப்பண்ணன் மனைவி தவறிப்போய், காரியம் முடிந்த மறுநாளே அவர் வேலைக்கு வந்துவிட்டார். கண்ணில் ஒரு சொட்டு இல்லை. யாராவது ஆறுதல் சொல்லப் போனால், தொட்டியைப் பார்க்கணும் என்று நகர்ந்துவிடுவார். சோறும் இறங்கவில்லை. மனுசன் இப்படியே உடைந்து விழுந்துவிடுவாரோ என்று எங்களுக்குப் பயம்.

அந்த வாரம் ஆற்றுக்காற்று பலமாக அடித்தது. தொட்டியைச் சுற்றித் தரையில் காற்று ஏறுவதற்குக் கம்பி வலை போட்டிருக்கும். குப்பண்ணன் அதன்மேல் தகரத்தைப் போட்டு மூடிவிட்டார். அவ்வளவு கரண்டைக் கொட்டிச் சூடாக்கிவிட்டு அதைக் காற்றில் விடுவானேன் என்பது அவர் நியாயம்.

மத்தியானம் தொட்டியின் பக்கத் தகடு செக்கச் செவேலென்று சிவந்துவிட்டது. ஓட்டை விழுந்தால் கொதிக்கிற உலோகம் அப்படியே வெளியே கொட்டும். பாய் ஓடி வந்தார். திட்டவில்லை. தகரத்தை இழுத்துப் போட்டுவிட்டு, காற்றுக் குழாயைச் சிவந்த இடத்தில் பிடித்தார். கொஞ்சம் கொஞ்சமாகத் தகடு கறுத்தது.

பிறகு ஒரு கம்பியைத் தொட்டிக்குள் முக்கி எடுத்துக் காட்டினார். அதில் ஒட்டிய குழம்பு ஆறி வெள்ளையாக இறுகியது.

"உள்சுவத்து மேலயும் இதேதான் படிஞ்சிருக்கும் அண்ணே. சுவத்தைக் காப்பாத்துறது இந்த ஓடுதான். வெளிய காத்து படாட்டி இது கரைஞ்சிரும்."

"சூடு வீணாப் போகுதே பாய்?"

"போகட்டும். போனாத்தான் தொட்டி நிக்கும்."

குப்பண்ணன் அந்தக் கம்பியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "காப்பாத்துறதா நெனச்சுத்தான் மூடுனேன்" என்றார்.

பாய் அவர் கையிலிருந்த கம்பியை வாங்கிக்கொண்டார்.

"தெரியும் அண்ணே. தொட்டிய நான் பாத்துக்கறேன். நீங்க வீட்டுக்குப் போயி, அண்ணிய நெனச்சு வாய்விட்டு அழுதுட்டு வாங்க."