விரால் கடித்த கெண்டைக்கால்

முன்னொரு காலத்தில் பூவாநாட்டை மகுடராயர் என்றொரு ராஜா ஆண்டு வந்தார். நல்லவர்தான்; ஆனால் யார் கடைசியாகப் பேசுகிறாரோ அவர் சொல்வதே அவருக்கு வேதம். அலங்கார அதிகாரி தோரணமுத்து பார்த்துப் பார்த்துக் கடைசியில்தான் வாய் திறப்பார்.

அவர் பேச்சைக் கேட்டு, அழகுக்காக அரண்மனை ஏரியில் கோரையை அடியோடு பிடுங்கினார்கள். நீரில் சாய்ந்து கிடந்த மரங்களை இழுத்துப் போட்டார்கள். சுற்றிலும் செங்குத்தாக வழவழப்பான கல் பதித்தார்கள். அடுத்த மழைக்குப் பிறகு ராஜாவின் இலைக்கு விரால் குழம்பு வரவில்லை.

"வலைக்காரர்கள் திருடி விற்கிறார்கள், பிரபு" என்றார் தோரணமுத்து.

"அத்தனை குடும்பமும் பௌர்ணமிக்குள் நாட்டை விட்டுப் போகட்டும்" என்று ராஜா உத்தரவிட்டார். பாவம், ஏரியே கதி என்று கிடந்த சனங்கள், எங்கே போவார்கள்?

மந்திரி பெரியநம்பி எழுந்தார். தோரணமுத்துவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. "ஆகட்டும், அரசே. அதற்குள் ஒரு வேலை. மகாராணி வளைகாப்பு முடிந்து கோயிலுக்குப் போயிருக்கிறார். ஏரியை அழகாக்கிய கையே பேறுகால அறையையும் அழகாக்கட்டுமே."

ராஜா தலையசைத்தார். தோரணமுத்துவுக்குத் தலைகால் புரியவில்லை. அப்போதே வேலை தொடங்கியது.

"திரைச்சீலை இருக்கட்டுமா?" என்று மந்திரி கேட்டார்.

"ஏரியில் ஒரு கோரையாவது விட்டேனா?"

"கட்டில்?"

"அதுவும் அடைசல்தான் ஓய்."

தொட்டிலும் போயிற்று. மிஞ்சியது வெறும் பளிங்குத் தரை.

நிறைமாத வயிற்றோடு ராணி வந்து பார்த்தாள். "நான் எங்கே படுப்பேன்? பிள்ளையை எங்கே போடுவேன்? ஒரு மறைப்புகூட இல்லையே" என்று கண் கலங்கினாள்.

ராஜாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "எவன் செய்த வேலை இது?"

"ஏரியைச் செய்த அதே ஆள்தான், அரசே" என்றார் மந்திரி. "தாய் விராலும் இதையேதான் கேட்டிருக்கும். கோரைக்குள்தான் அது முட்டையிடும், குஞ்சைக் காக்கும். வழுக்குக் கல்லில் என்ன செய்யும்? மீனை யாரும் திருடவில்லை. மீன் பிறக்கவே இல்லை."

ராஜா வெட்கத்தில் தலைகுனிந்தார். தம் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டார். "முதலில் கட்டிலைக் கொண்டுவாருங்கள். வலைக்காரர்கள் எங்கும் போக வேண்டாம். தோரணமுத்து, நீரே கல்லைப் பெயர்த்துக் கோரை நடும். விரால் குஞ்சு பிறக்கிறவரை சபைப் பக்கம் வராதீர்."

அடுத்த மழைக்காலம். இளவரசி சபையில் தவழ்ந்துகொண்டிருந்தாள். தோரணமுத்து ஈர வேட்டியோடு ஓடி வந்தார். கெண்டைக்காலில் ரத்தம். "கோரைக்குள் கால் வைத்தேன் பிரபு, விரால் பாய்ந்து கடித்துவிட்டது."

ராஜா சிம்மாசனத்தை விட்டே எழுந்துவிட்டார். "குஞ்சு பக்கத்தில் இருந்தால்தானே விரால் கடிக்கும்? வைத்தியரைக் கூப்பிடுங்கள். அந்தப் பக்கம் இப்போது வலை வீச வேண்டாம் என்று வலைக்காரர்களிடம் சொல்லுங்கள், அவள் பிள்ளை வளர்க்கிறாள். எனக்குக் கத்திரிக்காய்க் குழம்பு போதும்."

அன்றைக்குச் சபையில் கடைசியாகப் பேசியவர் ராஜாதான்.