சுனையைக் காத்த வாடை

கரட்டுக் காட்டுக் குகைக்குள் ஒரு சுனை இருந்தது. அதில் கண்ணே இல்லாத வெள்ளை இறால்கள் வாழ்ந்தன. அந்த இனம் வேறெங்குமே கிடையாது. சுனைக்கு மேலே பாறையில் நெட்டைக்காலன் என்ற சிலந்தி குடியிருந்தது.

ஒரு கோடையில் எலும்புராசன் என்ற கழுதைப்புலி செத்த மாட்டின் தொடையை இழுத்துக்கொண்டு குகைக்கு வந்தது. பெயரில் மட்டும்தான் ராசன்!

"இனி இது என் வீடு! தின்றது போக மிச்சத்தைச் சுனையில் போட்டு வைப்பேன்!" என்றது.

"ஐயா, கொழுப்பு படிந்தால் தண்ணீர் கெட்டுவிடும். எங்கள் இனமே அழிந்துபோகும்!" என்று கெஞ்சியது மூத்த இறால் வெள்ளச்சி.

"கண்ணில்லாத பூச்சிகளுக்கு வீடு ஒரு கேடா!"

சிலந்திக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனாலும் குழைந்து பேசியது. "ராசா, நீங்கள் வாசலிலா தங்குவது? உள்ளே இதைவிடப் பெரிய அறை இருக்கிறது. ஆனால் கும்மிருட்டு. வழி தவறிவிடுமே!"

"எனக்கா? பாறைக்குப் பாறை என் வாடையைப் பூசிக்கொண்டே போவேன். அதை மோந்துகொண்டே திரும்புவேன். எங்கள் பரம்பரை வழக்கம்!"

தொடையை வெளியே போட்டுவிட்டு, திருப்பத்துக்குத் திருப்பம் வாலடியைத் தேய்த்தபடி உள்ளே போனது. அறையும் இருந்தது. திரும்பும்போது மோந்து பார்த்தால் வாடையே இல்லை! பாறையெங்கும் ஓயாமல் கசிந்த தண்ணீர் எல்லாவற்றையும் கழுவிவிட்டிருந்தது. முட்டி மோதி மூக்கு வீங்கியதுதான் மிச்சம்.

"ஐயோ! காப்பாற்றுங்கள்!"

"அங்கேயே கிடக்கட்டும்!" என்றது ஒரு இறால்.

"அது செத்து அழுகினால் நம் சுனைதான் நாறும்" என்றது வெள்ளச்சி.

நெட்டைக்காலன் புறப்பட்டது. காலால் தடவியே வழி அறியும் அதற்கு வெளிச்சம் எதற்கு? கழுதைப்புலியின் மூக்கின்மேல் ஏறி உட்கார்ந்தது.

"கூட்டிப் போகிறேன். ஆனால் நீ இனி உள்ளே வரக் கூடாது. வாசலில் காய்ந்த பாறை இருக்கிறது. அதில் உன் வாடையைப் பூசு. அது மங்க மங்க வந்து பூசிவிட்டுப் போ!"

"வராவிட்டால்?"

"ஒரு சிலந்தி உன்னை வழிநடத்திய கதையை இந்தக் குகை வௌவால்கள் காடு முழுக்கச் சொல்லும்!"

"ஐயோ, வருகிறேன்! கட்டாயம் வருகிறேன்!"

சிலந்தி காட்டிய வழியில் வெளியே வந்ததும் கழுதைப்புலி சொன்னபடியே பூசியது. சில நாளில் ஒரு காட்டுப்பன்றி வந்தது. வாசலில் மோந்தது. "சீ! கழுதைப்புலி வீடு!" என்று ஓடியே போனது.

தெளிந்த சுனையில் இறால்கள் குதித்துக் கும்மாளமிட்டன. கெடுக்க வந்தவனே காவல்காரனாகிவிட்டானே!

ஒரு வீட்டின் இயல்பை அங்கே வாழ்பவரே அறிவார்; அதைப் பறிக்கப் போகிறவன் அவர்கள் தயவில்தான் வெளியே வர வேண்டியிருக்கும்.