பொட்டு வைத்த லிஃப்ட்

திருப்பூரில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி. அதன் மேனேஜர் ஞானசுந்தரம், பெற்ற தாய் தடியூன்றி வந்தாலும் தடியை ஆட்டிப் பார்க்கிற ஆள். ஊனத்துக்குப் பணம் கேட்பவர்கள் மூன்றாம் மாடிக்கு நேரில் வந்து டாக்டரிடம் காட்ட வேண்டும் என்பார். லிஃப்டிலோ 'பழுது' என்று பலகை தொங்கும். வராதவர் மனு தள்ளுபடி. தவழ்ந்தாவது ஏறிப் போனால், "மாடி ஏறத் தெரியுதில்ல? அப்புறம் என்னய்யா ஊனம்?" அதுவும் தள்ளுபடி.

சாயப்பட்டறையில் இடுப்பொடிந்த சென்னியப்பன் மாடி ஏறவில்லை, கோர்ட் ஏறினான். லிஃப்டைப் பார்த்து வரும்படி நீதிபதி ஒரு வக்கீலம்மாவை அனுப்பினார்.

பலகையைப் பார்த்த வக்கீலம்மா, "நிஜமாவே பழுதுதான் போலிருக்கு" என்றார்.

சக்கர நாற்காலியில் இருந்த சென்னியப்பன் லிஃப்ட் கதவையே முறைத்தான். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் அதில் பளிச்சென்று இருந்தன.

"ஏனுங்கம்மா, ஓடாத வண்டிக்கு எவனாச்சும் பொட்டு வெப்பானுங்களா?"

"பொட்டெல்லாம் சாட்சி சொல்லாதுப்பா."

"சொல்ல வெச்சுடலாமுங்க" என்றவன் மேனேஜருக்கு போன் போட்டான். "சார், அலைஞ்சு சலிச்சுட்டேனுங்க. கீழதான் இருக்கேன். கேஸை இப்பவே முடிச்சுக்கலாம். என் மனசு மாறறதுக்குள்ள வந்துடுங்க."

போனை வைத்தானோ இல்லையோ, லிஃப்ட் உறுமியது. கதவு திறந்தது. உள்ளே ஒரு சொட்டு வியர்வை இல்லாமல், கையெழுத்து வாங்கப் பேனாவை நீட்டியபடி ஞானசுந்தரம்!

அந்தப் பேனாவையே வாங்கி வக்கீலம்மா எழுத ஆரம்பித்தார். சென்னியப்பன் நாற்காலியை லிஃப்டுக்குள் உருட்டினான்.

"மூணாவது மாடியை அமுக்குங்க, சார். டாக்டர் காத்துட்டிருப்பாரு."