தும்பிக்கை உயரும் வரை

ஆலங்காட்டு ஏரிக்கரையில் சிவந்தி என்றொரு முயல் இருந்தது. வாரம் ஒருமுறை வெள்ளத்தில் மூழ்குவது அதன் வேலை.

நிஜ வெள்ளம் அல்ல, ஒத்திகை வெள்ளம்.

போன மழைக்காலத்தில் ஏரி நிரம்பி வழிந்து, கரைக்குக் கீழே இருந்த பள்ளத்துப் புல்வெளியை மூழ்கடித்தது. அங்கே குடியிருந்த சின்ன உயிர்கள் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு காடு ஒரு முடிவுக்கு வந்தது. இனி யார் வந்து காப்பாற்றுவார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, நமக்கு நாமே ஒரு தொண்டர் படை அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் அந்த முடிவு.

நல்ல முடிவுதான். அதைக் கெடுக்க ஒரு பயிற்சியாளர் வேண்டியிருந்தது. நீலமேகம் என்ற மயில் அந்தப் பொறுப்பை ஏற்றுக்கொண்டது. நீலமேகத்துக்கு நீச்சல் தெரியாது. ஆனால் நாலு பேரை வரிசையாக நிற்க வைப்பதில் அதை அடித்துக்கொள்ள ஆளில்லை.

குரங்குகள் தொண்டர்களாகச் சேர்ந்தன. கொடிகளை முறுக்கிக் கயிறாக்கின. நுனியில் ஒரு நாணல் கூடையைக் கட்டின. குறி பார்த்து வீசுவது கட்டையன் என்ற குரங்கின் வேலை. மற்றவை பிடித்து இழுக்கும்.

மூழ்குபவர் வேடம் சிவந்திக்குக் கிடைத்தது. எடை குறைவு, கூடைக்குள் அடங்கும், முகத்தில் எப்போதும் ஒரு பயக்களை இருக்கிறது என்று நீலமேகம் காரணங்களை அடுக்கியது. சிவந்தியும் தட்டாமல் ஒப்புக்கொண்டது. பள்ளத்துப் புதரில்தான் அதன் வீடு. மூன்று குட்டிகள் வேறு. படை நன்றாகத் தேறினால் முதலில் பிழைக்கப்போவது தன் குடும்பம்தான் என்று நினைத்து, குளிரையும் பொருட்படுத்தாமல் தண்ணீரில் இறங்கியது.

ஒத்திகை எப்போதும் ஒரே மாதிரிதான் நடக்கும். முதலில் படை உயர வரிசையில் நிற்கும். சிறப்பு விருந்தினராக ஆனைமுத்து என்ற யானையார் வருவார். அவருக்கென்று ஒதுக்கிய பாறையில் ஏறி நிற்பார். தேக்கிலை மாலை போடப்படும். நீலமேகம் வரவேற்புரை ஆற்றும். யானையார் அதைக் கண்மூடி ரசிப்பார், சில சமயம் குறட்டையும் விடுவார். பிறகு தும்பிக்கையை உயர்த்துவார். அப்போதுதான் சிவந்தி, "ஐயோ, காப்பாத்துங்க" என்று கத்த வேண்டும். கூடை பறந்து வரும். சிவந்தி கரை சேரும். எல்லாரும் கைதட்டுவார்கள். நாவற்பழம் வழங்கப்படும்.

ஒருநாள் சிவந்தி ஈரத்தை உதறிக்கொண்டே கேட்டது. "ஐயா, தண்ணி வர்ற அன்னைக்கு யானையார் ஊர்ல இல்லைன்னா என்ன பண்றது?"

நீலமேகம் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. "மூழ்குகிறவர்கள் மூழ்குவதை மட்டும் கவனித்தால் போதும், சிவந்தி. நிர்வாகத்தை எங்களிடம் விட்டுவிடு."

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் பெய்தது. ஒரு காலை, சிவந்தி கரைமேல் அருகம்புல்லைக் கடித்துக்கொண்டிருந்தபோது ஏரி கரையைத் தாண்டிப் பள்ளத்துக்குள் இறங்கியது. திரும்பிப் பார்ப்பதற்குள் புதர் இருந்த இடத்தில் செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. குட்டிகள் மூன்றும் ஒரு கரையான் புற்றின் உச்சியில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு நின்றன. புற்றைச் சுற்றித் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

சிவந்தி அலறியது. படை உடனே வந்துவிட்டது. இதில் யாரும் குறை சொல்ல முடியாது. வந்ததும் உயர வரிசையில் நின்றது.

"கட்டையா, வீசுடா. அதோ, புத்து மேல நிக்குறாங்க பாரு."

கட்டையன் கூடையைக் கையில் எடுத்தது. எடுத்துவிட்டுப் பாறையைப் பார்த்தது. "அக்கா, நீங்க முன்னாடியே கத்திட்டீங்க. தும்பிக்கை தூக்கினப்புறம்தானே உங்க முறை?"

"இது ஒத்திகை இல்லடா. என் புள்ளைங்கடா."

"தெரியுதுக்கா. மனசு பதறுது. ஆனா யானையார் இன்னும் வரலையே."

நீலமேகம் ஒரு தாமரை இலையைத் தலைக்குப் பிடித்தபடி வந்து சேர்ந்தது. "பதற்றம் கூடாது என்பதுதானே முதல் பாடம்? யானையார் பக்கத்துக் காட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே காட்டுத்தீ தடுப்புப் பயிற்சியைத் தொடங்கி வைக்கிறார்."

"இந்த மழையிலயா?"

"கோடையிலேயே தேதி கொடுத்துவிட்டார். பெரியவர்கள் சொன்ன சொல் தவறமாட்டார்கள். கவலைப்படாதே, அழைத்துவர ஆள் அனுப்பியிருக்கிறேன்."

"யாரை?"

"நத்தையை. மழையில் நடக்க அதுதான் சரியான ஆள்."

சிவந்தி குரங்குகளிடம் ஓடியது. கயிற்றைப் பல்லால் கடித்து இழுத்துப் பார்த்தது. கயிறு அசையவில்லை. குரங்குகளின் முகத்தைப் பார்த்தது. ஒன்றிலும் கொடுமை இல்லை. ஒரு குரங்கு அழுதுகொண்டுகூட இருந்தது. ஆனால் எல்லாக் கண்களும் அந்தக் காலிப் பாறையின் மேலேயே இருந்தன. தண்ணீரைப் பார்க்க அவற்றுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. பாறையைப் பார்க்கத்தான் கற்றுத்தந்திருந்தார்கள்.

சிவந்தி ஓடிப்போய் ஒரே தாவலில் பாறைமேல் ஏறியது. அங்கே தயாராக இருந்த மாலைக்குள் தலையை நுழைத்தது. யானைக்கு அளவெடுத்த மாலை. முயல் உள்ளே காணாமல் போய், காதுகள் மட்டும் வெளியே தெரிந்தன. இலைகளை விலக்கிக்கொண்டு முன்னங்காலை உயர்த்தியது.

"சிவந்தி, அது விருந்தினர் இடம். கீழே இற..." என்று நீலமேகம் முடிப்பதற்குள் கட்டையனின் கை தானாகச் சுழன்றது. கூடை பறந்து போய்ப் புற்றின் உச்சியை உரசிக்கொண்டு விழுந்தது. எவ்வளவு துல்லியமான வீச்சு! பயிற்சியில் குறையே இல்லை. மூத்த குட்டி தாவி ஏறியது. குரங்குகள் ஒன்றாக இழுத்தன. குட்டி கரை சேர்ந்தது.

உடனே எல்லாக் குரங்குகளும் கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டின. ஒன்று நாவற்பழக் குடலையைத் தேடியது.

"இன்னும் ரெண்டு பேர் இருக்காங்கடா!"

"முடிஞ்சிடுச்சேக்கா," என்றது கட்டையன் வருத்தத்தோடு. "ஒருத்தரைத்தானே காப்பாத்துவோம்?"

வாதாட நேரமில்லை. சிவந்தி காலை இறக்கியது, மறுபடி உயர்த்தியது. விழா மறுபடி தொடங்கிவிட்டதென்று படை விறைப்பாக நின்றது. கூடை பறந்தது. இரண்டாவது குட்டியும் வந்து சேர்ந்தது. மறுபடியும் கைதட்டல்.

சிவந்தி மூன்றாம் முறை காலைத் தூக்கும்போது புற்று கரைந்து சரிந்தது. கடைக்குட்டி தண்ணீருக்குள் போனது. கட்டையன் கூடையைச் சுழற்றிக்கொண்டே நின்றது. அதன் கண்ணுக்குச் சுழல்தான் தெரிந்தது, குட்டி தெரியவில்லை.

"எங்கக்கா வீசுறது?"

தண்ணீருக்குள் குறி பார்க்கக் கட்டையனின் கைக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், தண்ணீருக்கு மேலே நீண்டிருக்கும் இரண்டு காதுகள். சிவந்தி மாலையை உதறிவிட்டுக் குதித்தது. குட்டியின் பிடரியைக் கவ்விக்கொண்டு, காதுகளை எவ்வளவு உயர்த்த முடியுமோ அவ்வளவு உயர்த்தியது.

கட்டையன் பாறையைப் பார்த்தது. பாறையில் யாரும் இல்லை. தண்ணீரைப் பார்த்தது. காதுகள் தள்ளிப் போய்க்கொண்டிருந்தன.

"அனுமதி இல்லாமல்..." என்று தொடங்கியது நீலமேகம்.

"சும்மா இருங்கய்யா," என்று சொல்லிவிட்டுக் கட்டையன் வீசியது.

கூடை காதுகளுக்குப் பக்கத்தில் விழுந்தது. தாயும் குட்டியும் கரை சேர்ந்தபோது யாரும் கைதட்டவில்லை. எல்லாருக்கும் மூச்சு வாங்கியது.

மழை விட்ட பிறகு ஆனைமுத்து வந்தார். அங்கே தீ பற்றவில்லையாம், அதனால் விழாவை ஒத்திவைத்துவிட்டார்களாம். நத்தையை வழியில் எங்கும் பார்க்கவில்லையாம். பாறையில் ஏறித் தும்பிக்கையை உயர்த்தி, "தொடங்கலாம்" என்றார்.

ஒரு குரங்கும் அசையவில்லை.

"சிவந்தி, உன் இடத்துக்குப் போ," என்று நீலமேகம் அதட்டியது.

சிவந்தி கடைக்குட்டியை நக்கித் துவட்டிக்கொண்டிருந்தது. "நான் இப்பதான் முழுகிட்டு வந்தேன். இந்த வாரம் நீங்க முழுகுங்க."

அன்றிலிருந்து ஒத்திகைக்குத் தேதி கிடையாது. சிவந்திக்குத் தோன்றும்போது, தோன்றிய இடத்திலிருந்து கத்தும். முதல்முறை குரங்குகள் ஓடிவந்து வரிசையில் நின்று, நன்றாகத் திட்டு வாங்கின. போகப்போக, யார் பக்கத்தில் இருக்கிறார்களோ அவர்கள் கயிற்றை வீசப் பழகிக்கொண்டார்கள். ஆனைமுத்துவுக்கும் ஒரு வேலை கிடைத்தது. கயிற்றின் மறுநுனியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தும்பிக்கை அதற்கு மிகவும் வசதியாக இருந்தது. வரவேற்புரை இல்லாததால் பயிற்சியின் தரம் தாழ்ந்துவிட்டதாக நீலமேகம் மட்டும் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

ஆபத்தில் யாருடைய சைகைக்கும் காத்திராமல் கைகொடுக்கக் கற்றுத்தருவதே பயிற்சி, மற்றதெல்லாம் வெறும் விழா.